புக்கிட் காத்தில் வாயை மூடிய பதினோரு நாள்

எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், மொத்தம் நூற்று எண்பத்திரண்டு தமிழ்க் குடும்பங்கள். அத்தனை பேர் வாயையும் ஒற்றை ஆளாக நின்று பதினோரு நாள் அடைத்து வைத்தவன் நான். அந்தப் பதினோரு நாளும் ஒரு பெண் தினமும் தெருவில் நடந்து போனாள், நடந்து வந்தாள். அவளைப் பார்த்து ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கல்யாணம் எப்போது என்று கேட்கவில்லை. ஏன் இளைத்துவிட்டாய் என்றோ, ஏன் பெருத்துவிட்டாய் என்றோ, ஒரு மூச்சுகூட இல்லை.

இதைச் சொன்னால் மலாக்கா மாநிலத்தில் யாரும் நம்புவதில்லை. செர்காமில் மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னேன். மீன்காரர் சிரித்த சிரிப்பில் ஐஸ் பெட்டியில் கிடந்த கெம்போங் மீன்கூட வாயைத் திறந்தது.

என் பெயர் சின்னத்தம்பி. புக்கிட் காத்திலில் முப்பத்தொரு வருஷம் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்றவன். என்னைக் கடித்த நாய்கள் பதினேழு. நான் திருப்பிக் கடித்தது ஒன்றைத்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, வேலை நேரத்தில் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்பதால் எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகும், யார் வாய் ஒழுகும் என்பது எனக்கு அத்துப்படி.

அந்தப் பெண் தாரணி. என் வீட்டுக்கு மூன்றாவது வீடு, மோகனாவின் மகள். வேகநடையில் தேசிய வீராங்கனை. ஒருமுறை ஆயர் குரோவிலிருந்து அவள் நடந்து கிளம்பினாள், நான் பஸ் ஏறினேன். நான் வீடு வந்து சேர்ந்தபோது அவள் குளித்து முடித்துத் தலைகூடக் காய்ந்திருந்தது.

வேகநடை பார்க்க வேடிக்கையாக இருக்கும். இடுப்பு வலமும் இடமும் வெட்டிக்கொண்டு போகும். ஆனால் சட்டம் கொடுமையானது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. ஓரத்தில் நடுவர்கள் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்தால் வெளியே போக வேண்டியதுதான்.

வெளிநாட்டில் நடந்த ஒரு பெரிய போட்டியில் தாரணி கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவளுக்கும் இவளுக்கும் நாற்பது மீட்டர் இடைவெளி. நான் சொல்லும்போது நானூறு என்பேன். அப்போது மூன்றாவது சிவப்பு அட்டை விழுந்தது. கையைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்தக் காணொளியை நாட்டில் பார்க்காத கைப்பேசி கிடையாது.

விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து பிடித்தது சனி. எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. பாசம் அதிகம். ஆனால் அந்தப் பாசம் வெளியே வரும்போது கேள்வியாகத்தான் வரும்.

"நடக்கத்தானேம்மா சொன்னாங்க, ஏன் ஓடுனே?"

இதுதான் அந்தக் கேள்வி. கேட்கிற ஒவ்வொருவருக்கும் உலகத்திலேயே தான்தான் முதலில் கேட்பதாக நினைப்பு.

ஒரு நாள் மோகனா என்னை வேலியோரம் நிறுத்தினாள். தொழிற்சாலைச் சீருடையோடு நின்றாள், கண் சிவந்திருந்தது.

"அண்ணே, பிள்ளை தூங்கி மூணு வாரம் ஆச்சு. சமையல்கட்டுக்குத் தண்ணி எடுக்கப் போனாக்கூட காலையே பாத்துக்கிட்டு நடக்குது. சாதாரணமா நடக்கவே மறந்து போச்சுன்னு அழுவுதுண்ணே."

"டாக்டர் யாராச்சும்...?"

"விளையாட்டுக்காரங்க மனசு பாக்கறதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க, கோலாலம்பூர்ல. வாரத்துக்கு ரெண்டு தடவ போன்ல பேசறாங்க. நல்லாத்தான் இருக்கு. பேசி முடிச்சா முகம் தெளியுது. அப்புறம் கடைக்குப் போயிட்டு வரும், எல்லாம் போச்சு."

இன்னும் இரண்டு வாரத்தில் நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி. போவதா வேண்டாமா என்று தாரணிதான் முடிவு சொல்ல வேண்டும். 'யாரும் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது, அவளே அமைதியாக யோசிக்கட்டும்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அமைதி! புக்கிட் காத்திலில்!

மறுநாள் காலை அவள் தோசை வாங்கக் கிளம்பியபோது நான் பின்னாலேயே போய் எண்ணினேன். மீட்டர் படித்தவனுக்கு எண்ணுவது ரத்தத்தில் ஊறியது. அவள் வீட்டிலிருந்து மங்களத்தின் தோசைக் கடை வரை இருநூற்று நாற்பது அடி தூரம். அதற்குள் ஒன்பது பேர். ஏன் ஓடினாய், எப்போது தங்கம், அந்த நடுவர் எந்த நாட்டுக்காரன், அழுதாயாமே, சாப்பிட மாட்டேன் என்கிறாயாமே. எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். திரும்பும்போது அவள் தலை குனிந்திருந்தது. தன் காலையே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டு நடந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! அன்று பத்து மணிக்கு நான் மங்களத்தின் கடையில் போய் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் கொண்டு வரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினேன். மங்களத்திடம் ஒரு ரகசியம் சொன்னால் கல்லில் இருக்கும் தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் அது தஞ்சோங் கிலிங் தாண்டிவிடும்.

"மங்களம், யாருகிட்டயும் சொல்லிடாத. தாரணி ஒரு வேண்டுதல் வெச்சிருக்கு."

"யாருக்குண்ணே?"

"செங்குல இருக்கிற சன்னாசிமலை ஆண்டவருக்கு. கடுமையான வேண்டுதல். அந்தப் பிள்ளைகிட்ட யாராச்சும் எதையாச்சும் கேட்டுட்டா, வேண்டுதல் கேட்டவங்க தலைக்கு மாறிடும்."

மங்களத்தின் கரண்டி நின்றது. "மாறுனா?"

"பால்குடம் தூக்கணும். இங்கேருந்து செங் வரைக்கும், காலுல செருப்பில்லாம, உச்சி வெயில்ல. அதுகூடப் பரவால்ல. தாரணி நடக்குமே ஒரு நடை, இடுப்ப வெட்டி வெட்டி? அதே மாதிரிதான் நடக்கணும். பத்து கிலோமீட்டர்."

மங்களம் தன் இடுப்பை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு கடைக்கு வெளியே போகும் பெரிய சாலையைப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்த பயத்தை நான் எந்த நாயின் முகத்திலும் பார்த்ததில்லை.

ஆண்டவர் பெயரில் பொய் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அவர் துறவிக் கோலத்தில் ஒதுங்கி நிற்பவர். நாலு பேர் நச்சரிக்காத இடத்தின் அருமை அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அன்று சாயங்காலமே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. தாரணி தெருவில் வந்தாள். முதல் வீட்டு ஆண்ட்டி வாயைத் திறந்தாள், மூடினாள், வாளியை எடுத்து ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த வீட்டுக்காரர் தாரணியைக் கண்டதும் காரின் அடியில் படுத்துவிட்டார். கார் அவருடையதுகூட இல்லை. ஓர் அம்மாள் கேள்வியை அடக்கி அடக்கி விக்கல் எடுத்து, மூன்று நாள் விக்கிக்கொண்டே திரிந்தாள்.

மூன்றாம் நாள் தாரணி என் வீட்டு கேட்டில் வந்து நின்றாள்.

"அங்கிள், நான் ஏதோ வேண்டுதல் வெச்சிருக்கேனாமே?"

"ஆமாம்மா. நல்லாப் போகுதுன்னு ஊருல பேச்சு."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நல்லாத்தான் போகுதுலா. டாக்டர்கிட்ட சொன்னேன். அஞ்சு நிமிஷம் சிரிச்சாங்க. எத்தன நாளுக்கு வெச்சிருக்கேன்?"

"எத்தன நாள் வேணும்னு நீயே சொல்லும்மா."

விரல் விட்டு எண்ணினாள். "தேர்வுக்குப் பேரு குடுக்கிறதுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. மொத்தம் பதினொன்னு."

"அப்ப பதினொன்னுதான் வேண்டுதல்."

இதற்கெல்லாம் ஒருவர் மட்டும் மசியவில்லை. ரெஜினால்ட். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், முப்பது வருஷமாக என் நண்பர். நான் மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார்.

"நீதான்யா கிளப்பி விட்டே" என்றார் நான்காம் நாள். "இதெல்லாம் நடக்காதுலா. நம்ம ஆளுங்க சாவு வீட்டுக்குப் போனாக்கூட செத்தவரோட பென்ஷன் எவ்வளவுன்னு கேப்பாங்க. பதினோரு நாளா? பதினோரு நிமிஷம் தாங்க மாட்டாங்க."

"தாங்குறாங்களே."

"உன் முதுகுக்குப் பின்னால கேப்பாங்க. எனக்கு அந்த வேண்டுதல் பயம் எல்லாம் இல்ல. நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன். நானே கேப்பேன். கேக்கறது என்னா, விழாவே வைக்கப் போறேன்."

எங்கள் ஊரில் ஒருவரை ஒரேயடியாகத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்றால் பாராட்டு விழா எடுப்பார்கள். ரெஜினால்ட் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். வருகிற ஞாயிறு, சமூக மண்டபம், பொன்னாடை, மாலை, சட்டமன்ற உறுப்பினர், ஏழு பேச்சாளர்கள். தலைப்பு: 'விழுந்தது எழுவதற்கே'.

"நீ எல்லாம் ஒரு ஆளாயா?" என்றார். "பிள்ளை சோந்து கெடக்கு. நாலு பேரு சேந்து முதுகுல தட்டிக் குடுக்க வேணாமா?"

"தட்டித் தட்டித்தான்யா அது வீங்கிப் போயிருக்கு."

பதாகையை விரித்துக் காட்டினார். ஒரு பஸ் நீளம். 'தங்கம் காத்திருக்கிறது தாரணி!' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் தாரணியின் படம்.

"ரெஜினால்ட், கால பாரு."

"கால் என்னா? நல்லாத்தான் இருக்கு. பறக்கிற மாதிரி."

"அதான்யா வினையே."

இரண்டு காலும் தரையில் இல்லை. பதாகை அடித்தவன் இணையத்தில் தேடி, எல்லாரும் பார்த்த அதே காணொளியிலிருந்து அதே நொடியை வெட்டி எடுத்திருக்கிறான். அதைத் தாமான் நுழைவாயிலில் கட்டி, அதற்கு அடியில் அந்தப் பிள்ளையைத் தினமும் நடக்க வைக்க இருந்தார்கள்.

ரெஜினால்ட்டுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் தீயணைப்புக்காரர் பின்வாங்குவாரா?

"படத்த மாத்திடலாம். விழாவ மாத்த முடியாது. சும்மா நடக்கிறதுதானேயா, அதுக்குப் போய் இவ்வளவு மனசு கஷ்டமா? கொஞ்சம் உசுப்பேத்துனா சரியாப் போயிடும்."

"சும்மா நடக்கிறதா? சரி. நாளைக்குச் சாயங்காலம் வா. பாடாங்குல ரெண்டு ரவுண்டு அதே மாதிரி நடந்து காட்டு. மூணு சிவப்பு அட்ட வாங்காம முடிச்சா விழா நடக்கட்டும், மால நானே போடறேன். வாங்குனா விழா கிடையாது."

"நடுவர் யாரு? நீயா?"

"நானு, மங்களம், மூணாவது உன் பொண்டாட்டி."

"பிரிஜிட்டா? அவ என் பக்கம்தான்." உடனே கையைக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பாடாங் திடலில் நின்ற கூட்டம் ஆயிரத்தைத் தொடும். ரெஜினால்ட் எண்பது என்று சொல்வார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். தீயணைப்புத் துறைச் சின்னம் போட்ட பழைய அரைக்கால் சட்டையில் வந்து நின்றார். நான் விசில் ஊதினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் சுற்று மனுஷர் பிரமாதமாகப் போனார். இடுப்பு வெட்டியது, முட்டி நேராக இருந்தது, மீசைகூட நேராக இருந்தது. கூட்டம் வாய் பிளந்து நின்றது. பிறகுதான் யாரோ ஒருவர் ஆரம்பித்தார்.

"சார், எடது கால் ஏன் வளையுது?"

அவ்வளவுதான். ஐந்து நாள் அடைத்து வைத்த கேள்விகள் அணை உடைந்த மாதிரி ரெஜினால்ட் தலையில் கொட்டின.

"சார், மூச்சு இருக்கா?"

"அது பென்ஷன் எடுத்த காலா, எடுக்காத காலா?"

"நடக்கத்தானே சொன்னாங்க சார், ஏன் குதிக்கிறீங்க?"

ரெஜினால்ட் குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்த நொடியே கெட்டது. வலது கால் எங்கே போக வேண்டும் என்று இடது காலைக் கேட்டது. மங்களம் சிவப்பு ஜாங்கிரிப் பெட்டி மூடியைத் தூக்கினாள்: ஒன்று. நான் என் மருமகளின் சிவப்பு வளையலைத் தூக்கினேன்: இரண்டு. கடைசி வளைவில் முட்டி மடங்கியது. பிரிஜிட் முப்பத்தெட்டு வருஷம் இந்த வாய்ப்புக்காகக் காத்திருந்தவள் போல, கழுத்தில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி, தலைக்கு மேலே சுழற்றினாள்.

அப்போதுதான் கோல் கம்பத்தின் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த தாரணி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மோகனா மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரெஜினால்ட் ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தாரணி தண்ணீர் எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

"மொத ரவுண்டு ரொம்ப நல்லா போனீங்க சார்."

"மொத ரவுண்டுல அது என் காலும்மா." மூச்சு வாங்கியது அவருக்கு. "ரெண்டாவது ரவுண்டுல எல்லாரும் அதையே பாத்தாங்க. அப்புறம் அது யாரு காலுன்னே எனக்குத் தெரியல."

தாரணியின் சிரிப்பு நின்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அதேதான் சார். வீட்டுக்குள்ளகூட."

ரெஜினால்ட்டின் தொண்டையில் ஒரு கேள்வி ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு இருந்தது. மேலே வந்தது, நின்றது. தண்ணீரைக் குடித்து அதையும் சேர்த்து விழுங்கினார். அன்று இரவு எட்டு மணிக்குள் விழா ரத்து. மறுநாள் பதாகையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு வெங்காய வற்றல் காய வைத்தாள் பிரிஜிட்.

அதன்பின் ஆபத்து வந்தது யாரால் என்று நினைக்கிறீர்கள்? என்னால்தான். ஒன்பதாம் நாள் காலை தாரணி என் கேட்டில் நின்று, "நேத்து ஆறு மணி நேரம் தூங்குனேன் அங்கிள்" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நாக்கு நழுவிவிட்டது.

"அப்ப தேர்வுக்கு..."

அவள் முகம் சுருங்கியது. நான் என் வாயை என் கையாலேயே அடித்து மூடி, "வெண்டைக்காய் நல்லா காய்க்குதும்மா" என்று முடித்தேன். அரைக் கேள்விக்கு அரைத் தண்டனை. அவள் போனதும் தெருக்கோடி வரை இடுப்பை வெட்டி வெட்டி நடந்து போய்த் திரும்பினேன். தெருவிலிருந்த நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை, மரியாதை.

பதினோராம் நாள் ஞாயிறு. மங்களத்தின் கடையில் கூட்டம். கோயிலுக்குப் போய் வந்தவர்கள் ஒரு பக்கம், பூசை முடிந்து வந்த ரெஜினால்ட்டும் பிரிஜிட்டும் ஒரு பக்கம், நான் நடுவில். தாரணி வந்தாள். நேராகக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆண்ட்டி, நேத்து கோச்சுக்குப் போன் பண்ணிட்டேன். இந்தத் தடவ தேர்வுக்குப் போகல."

தே தாரிக் இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தவர் கையில் தேநீர் பாதி வழியில் நின்றது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நின்றது. எனக்கும் உள்ளே ஏதோ இடிந்தது. பொய் சொல்ல மாட்டேன், இத்தனை நாளும் மனதின் ஒரு மூலையில் நான் தங்கத்துக்கு மாலை கட்டிக்கொண்டுதான் இருந்தேன். 'ஏன்' என்ற ஒரு சொல் ஈயைப் போலக் கடைக்குள் சுற்றியது. ஒவ்வொரு வாய்க்கு முன்னாலும் போய் நின்று பார்த்தது. ஒரு வாயும் திறக்கவில்லை.

மங்களம் மாவை எடுத்து ஊற்றினாள். எத்தனை தோசை என்றுகூடக் கேட்கவில்லை, உத்தமி.

"மூணு வைக்கிறேன். உக்காரும்மா."

தாரணி உட்கார்ந்தாள். முதல் தோசையைத் தின்று முடித்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, தட்டைப் பார்த்தபடி பேசினாள்.

"டாக்டர்கிட்ட பேசிப் பேசி யோசிச்சேன். போகணும்னு தோணுச்சா, இல்ல நீங்க எல்லாம் சந்தோஷப்படணும்னு தோணுச்சான்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. இந்த ஒரு வாரமா தெரியுது. எனக்கு நடக்கப் பிடிக்கும். இன்னும் கொஞ்ச நாள் சும்மா நடக்கணும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சட்னி இன்னும் போட்டுக்கம்மா" என்றார் ஒருவர். அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிப் போனாள். தலை நிமிர்ந்து, தெருவோர மாமரத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். கால் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது.

"ஆச்சா? பதினோரு நாள்" என்றேன் ரெஜினால்ட்டிடம்.

"கடையில கேக்கல. எல்லாரும் பாக்குறாங்கன்னு அடக்கிட்டாங்க. நம்ப மாட்டேன்யா. எங்கேயாச்சும் ஒரு ஆளு கேட்டிருப்பான்."

தீ எங்கே பிடித்தது என்று தேடிப் பழகிய மனுஷர். அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார். தாமானில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினார். "உண்மையச் சொல்லுங்க, அந்தப் பிள்ளைகிட்ட ஏதாச்சும் கேட்டீங்களா?" இல்லை என்றார்கள். காருக்கு அடியில் படுத்தவர் இல்லை என்றார். விக்கல்காரி இல்லை என்று விக்கினாள். தண்ணீர் மீட்டர்கூட இவ்வளவு துல்லியமாக யாரும் படித்ததில்லை. சாயங்காலம் வந்து என் வீட்டில் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு ஆளத்தான் விசாரிக்கல" என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணி. தாரணி தெருவில் நடந்துகொண்டிருந்தாள். பயிற்சி இல்லை, காதில் பாட்டு, கையில் ஒரு குட்டிப் பிஸ்கட் பொட்டலம். ரெஜினால்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். சேர்வதற்கே அரைத் தெரு ஓட வேண்டியிருந்தது. நான் கேட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"தாரணி, ஒன்னே ஒன்னும்மா. இந்தப் பதினோரு நாள்ல, யாராச்சும் ஒருத்தர், உன்கிட்ட ஏதாச்சும் கேட்டாங்களா?"

அவள் நடையைக் குறைக்கவில்லை. ஒரு காதிலிருந்து இயர்ஃபோனை எடுத்துவிட்டு யோசித்தாள். பிறகு சிரித்தாள்.

"இல்ல சார். நீங்கதான் மொத ஆளு."

பிஸ்கட் ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டு வளைவில் திரும்பிப் போய்விட்டாள்.

ரெஜினால்ட் நடுத்தெருவில் நின்றார். பிஸ்கட்டைப் பார்த்தார். பாதியைக் கடித்து மெல்ல மென்றார். அப்படியே திரும்பி என் கேட் வரை வந்து, மீதிப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"நடந்துருக்குயா" என்றார். "நெசமாவே நடந்துருக்கு."